சூவுக்கு என்னதான் வேண்டும்?

ஆங்கில நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் ‘ஜூட் தி அப்ஸ்க்யூர்’ நாவலைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வந்து நிற்கும்: “இந்த சூவுக்கு என்னதான் வேண்டும்?” எங்கள் வாசிப்பு வட்டத்தில் அதைக் கேட்காதவர்கள் குறைவு. சூ பிரைட்ஹெட் காதலிக்கிறாள், பிறகு விலகுகிறாள். கல்யாணமே பிடிக்காது என்கிறாள், போய்ச் செய்துகொள்கிறாள். கட்டிய கணவனை விட்டுக் கிளம்புகிறாள், யாருக்காகக் கிளம்பினாளோ அவனிடம் தனி அறை கேட்கிறாள். கடைசியில் பழைய கணவனிடமே திரும்பிப் போகிறாள். படிக்கிறவர்களுக்கு எரிச்சல் வருவதில் ஆச்சரியமில்லை.

நாவலைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குப் பட்டது வேறு. இந்த மனிதர்கள் தடுமாறிக்கொண்டிருக்கும்போதுதான் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வாழ்கிறார்கள். தடுமாற்றம் தீர்ந்து ‘இதுதான் சரி’ என்ற தெளிவு வந்த நிமிடத்தில் வாழ்க்கை வேறு யார் கைக்கோ போய்விடுகிறது. சூவின் முடிவு அவ்வளவு கொடூரமாக இருப்பதற்குக் காரணம் அவளுடைய தெளிவுதான் என்று நினைக்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். நூலாக வந்தது 1895 இறுதியில். ஜூட் ஃபாலி தாய் தகப்பன் இல்லாத பையன். மேரிகிரீன் என்ற சின்ன ஊரில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் பெரிய அத்தையிடம் வளர்கிறான். ரொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் படிக்கிறான். கிறிஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகம் அவனுடைய கனவு. ஹார்டி அந்தப் பெயரில் எழுதியது ஆக்ஸ்ஃபோர்டைத்தான். நடுவில் அராபெல்லா என்ற பெண் தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொல்லி அவனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள், பிறகு ஆஸ்திரேலியாவுக்குப் போய்விடுகிறாள். ஜூட் கல்தச்சு வேலை கற்றுக்கொண்டு கிறிஸ்ட்மின்ஸ்டருக்கு வருகிறான். கல்லூரித் தலைவர்கள் சிலருக்குக் கடிதம் எழுதுகிறான். பதில் போடுவது ஒருவர்தான்: உழைப்பாளியான நீங்கள் உங்கள் தொழிலிலேயே இருப்பது உங்களுக்கு நல்லது. அந்த ஊரில்தான் அத்தை மகள் சூவைச் சந்திக்கிறான். சூவோ ஜூட்டின் பழைய பள்ளி ஆசிரியர் ஃபிலாட்சனைக் கல்யாணம் செய்துகொள்கிறாள்.

சூ நாவலுக்குள் வருகிற விதமே அழகு. அவள் வேலை பார்ப்பது சர்ச்சுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் கடையில். வேத வசனங்களை அலங்கார எழுத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை. ஒரு நாள் ஊருக்கு வெளியே நடந்து போகும்போது தலையில் தட்டு சுமந்து வரும் வியாபாரியிடம் வீனஸ், அப்போலோ சிலைகளை வாங்கிவிடுகிறாள். வாங்கின கையோடு பயம் வந்துவிடுகிறது. வேலியோரத்து இலைகளைப் பறித்துச் சுற்றி மறைத்துக்கொண்டு வருகிறாள். அது என்ன என்று வீட்டுக்காரம்மா கேட்டபோது, புனித பேதுருவும் மகதலேனா மரியாளும் என்று சொல்லிவிடுகிறாள். அன்று இரவு சிலைகளை எடுத்து வைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் கிப்பனின் ரோம வரலாற்றைப் படிக்கிறாள். மதம் மாறிய பேரரசன் ஜூலியனைப் பற்றிய பகுதி அது. பிறகொரு நாள் வீட்டுக்காரம்மா சிலைகளைக் கண்டுபிடித்து உடைத்துப்போடுகிறாள்.

சூ முழுவதும் இந்தக் காட்சியில் இருக்கிறாள். விரும்பினதை வாங்கும் தைரியம் இருக்கிறது, அதைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவில் நடக்கும் தைரியம் இல்லை. இவளைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்காமலே போயிருந்தால் பயமும் வந்திருக்காது, பொய்யும் சொல்லியிருக்க வேண்டாம்.

*

சூ மாதிரி ஒரு பெண் 1890களில் சுதந்திரம் என்று சொன்னால் அதன் எல்லை என்ன என்பது தெரிந்தால்தான் அவளுடைய தடுமாற்றம் புரியும். 1857-ல் இங்கிலாந்தில் வந்த விவாகரத்துச் சட்டப்படி, மனைவி பிறரோடு உறவு வைத்திருந்தாள் என்று காட்டினாலே கணவனுக்கு விடுதலை கிடைத்தது. மனைவிக்கு அது போதாது. கணவன் கொடுமைப்படுத்தினான், கைவிட்டுப் போனான் என்று இன்னொரு குற்றமும் சேர வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 1923 வரை நீடித்தது. கணவனோடு சேர்ந்து வாழ மறுத்தவர்களைச் சிறையில் போடும் வழக்கம் 1884-ல் நின்றது. 1891-ல் ஜாக்சன் வழக்கு. பிரிந்து வாழ்ந்த மனைவியை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வெளியே வரும்போது கணவனும் ஆட்களும் பிடித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள். அப்படிப் பூட்டி வைக்கக் கணவனுக்கு உரிமை இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அப்போதுதான். நாவல் வருவதற்கு நான்கே வருடம் முன்பு.

இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. சேர்ந்து வாழச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போடும் அந்த ஆங்கிலேய வழக்கம் நம் நாட்டுக்கும் வந்தது. 1887-ல் பம்பாய் நீதிமன்றம், கணவனோடு வாழ மறுத்த ருக்மாபாயிடம் கணவன் வீட்டுக்குப் போ, இல்லையென்றால் சிறைக்குப் போ என்றது. இங்கிலாந்து 1970-ல் அந்த வழக்கத்தையே ஒழித்துவிட்டது. 1955-ன் இந்துத் திருமணச் சட்டத்தில் அது ஒன்பதாவது பிரிவாக உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் ஒருபக்கம் இப்படி நகர்ந்துகொண்டிருக்க, பேச்சு அதைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. 1888-ல் எழுத்தாளர் மோனா கெய்ர்ட் கல்யாணத்தைப் பற்றி எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, ‘கல்யாணம் தோற்றுவிட்டதா?’ என்று டெய்லி டெலிகிராஃப் பத்திரிகை கேட்டது; சுமார் 27,000 கடிதங்கள் வந்து குவிந்தன. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் சுதந்திரம் பற்றிய நூல் 1859-லேயே வந்தாயிற்று. தம் வயதுப் பையன்கள் 1860களில் அதைக் கிட்டத்தட்ட மனப்பாடமாகவே வைத்திருந்ததாக ஹார்டி பின்னாளில் எழுதினார். 1865-ல் லண்டனில் மில் தேர்தல் மேடையில் நின்று பேசியதை ஹார்டி கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

அந்த மில்லை நாவலுக்குள் கொண்டுவந்து, ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுக் காலை நேரத்தில் வைத்தார் பாருங்கள், அங்கேதான் என்னுடைய மனசு ஒவ்வொரு முறையும் நிற்கிறது.

*

ஷாஸ்டன் ஊர். சூ ஃபிலாட்சனைக் கட்டிக்கொண்டு சில வாரங்கள்தான் ஆகியிருக்கின்றன. ஓர் இரவு அவள் படுக்கையறைக்கு வரவே இல்லை. தேடிப் போனால் மாடிப்படிக்குக் கீழே துணிமணி போட்டு வைக்கும் இண்டில் கம்பளத்தை விரித்துச் சுருண்டு படுத்திருக்கிறாள். சிலந்திக் கூடுகள் நிறைந்த இடம். உள்ளேயிருந்து கதவைக் கயிற்றால் கட்டியிருக்கிறாள். அவர் இழுத்த வேகத்தில் கயிறு அறுந்துவிடுகிறது. மறுநாள் காலையில் அவள் கேட்கிறாள்: நான் உங்களை விட்டுத் தனியாக வாழட்டுமா? அவர் திகைக்க, மில்லின் வரிகளை எடுத்துச் சொல்கிறாள். தன் வாழ்க்கைத் திட்டத்தை உலகம் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறவனுக்குக் குரங்கைப் போல் பார்த்துச் செய்யும் திறமை தவிர வேறெதுவும் தேவையில்லை என்ற வரிகள். அதற்கு அந்த மனிதர் முனகுகிறார்: மில்லைப் பற்றி எனக்கென்ன, எனக்கு நிம்மதியாக இருந்தால் போதும்.

பிறகு இருவரும் வேலைக்குப் போகிறார்கள். ஒரே பள்ளிக்கூடம், நடுவில் கண்ணாடித் தடுப்பு. அவர் இந்தப் பக்கம் பாடம் நடத்துகிறார், அவள் அந்தப் பக்கம். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சீட்டு எழுதிப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புகிறார்கள். நீ கேட்டதிலிருந்து வேலையே ஓடவில்லை, நிஜமாகத்தான் கேட்டாயா என்று அவர். நிஜமாகத்தான், வருந்துகிறேன் என்று அவள். காதலனோடு போய் வாழ்ந்தால் உனக்கும் மரியாதை போகும், எனக்கும் போகும் என்று அவர். எனக்கு மரியாதை வேண்டாம், மனித வளர்ச்சி அதன் முழுமையான பன்மையில் நிகழ்வது அதைவிடப் பெரிது என்று அவள். இந்தக் கடைசிச் சொற்கள் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டுடையவை. மில் தம் நூலின் முகப்பில் வைத்தவை. கணக்கு வாய்பாட்டுக்கும் எழுத்துப் பாடத்துக்கும் நடுவே, என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத சின்னப் பையன் ஒருவன் ஒரு குடும்பம் பிரிவதைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறான்.

இருவரில் தெளிவாகப் பேசுகிறவள் சூ. மேற்கோள் அவளிடம் இருக்கிறது, தத்துவம் இருக்கிறது. ஆனால் அவள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. இந்த நல்ல மனிதர் தொட்டால் ஏன் தன் உடம்பு கூசுகிறது என்பது அவளுக்கே தெரியாது. தெரியாததை மறைக்கத்தான் மில்லும் ஹம்போல்ட்டும் வருகிறார்கள் என்று நினைக்கிறேன். சில நாள் கழித்து ஃபிலாட்சன் ஏதோ யோசனையில், பழைய பழக்கத்தில் அவள் படுத்திருக்கும் அறைக்குள் நுழைந்துவிடுகிறார். சூ சன்னல் வழியாகக் கீழே குதித்துவிடுகிறாள். அதற்கு எந்த நூலிலும் மேற்கோள் கிடையாது.

அந்தக் குதித்தல்தான் அவர் மனதைத் திருப்புகிறது. பால்ய நண்பர் கில்லிங்ஹாமிடம் போகிறார். நான் அவளை விடப் போகிறேன் என்கிறார். நண்பர் அதிர்ந்துபோகிறார். ஃபிலாட்சன் சொல்லும் பதில் எனக்கு இந்த நாவலின் உச்சம். தர்க்கப்படியோ மதப்படியோ இதை என்னால் நியாயப்படுத்த முடியாது, நான் வளர்ந்த கொள்கைகளோடு இது பொருந்தவும் இல்லை, ஆனால் மறுப்பது தவறு என்று உள்ளே ஏதோ சொல்கிறது. அவ்வளவுதான். எல்லோரும் இப்படிச் செய்தால் குடும்பம் என்னாவது என்று நண்பர் கேட்கும்போது, பெண்ணும் பிள்ளைகளும் ஆண் இல்லாமல் ஒரு குடும்பமாக இருந்தால்தான் என்ன என்று சொல்லிவிடுகிறார். ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார், நடுவயதுக்காரர், பழமைவாதி. தான் சொன்னது தனக்கே புரியாத நிலையில் சொல்கிறார்.

சுதந்திரத்தைப் படித்தவள் சூ; அதை இன்னொருவருக்குக் கொடுத்தவர் ஃபிலாட்சன். கொடுக்கும்போது அவர் கையில் ஒரு காரணமும் இல்லை.

எனக்கு இது நெருக்கமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு பெண், நல்ல இடம் என்று எல்லோரும் சொன்ன ஒரு வரனை வேண்டாம் என்றாள். “ஏன்டி, காரணத்தைச் சொல்லேன், விட்டுடறோம்” என்று பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். “தெரியல பெரியம்மா, முடியாதுன்னு மட்டும் தெரியுது.” அந்தப் பதிலை அந்த வீட்டில் யாரும் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. குடிக்கிறான், கடன் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். காரணம் சொன்னால்தான் விடுவோம் என்பது விடாமல் இருப்பதற்கு ஒரு வழி. ஃபிலாட்சன் அந்த வழியை விட்டுக்கொடுத்தார். அதனால்தான் அந்த மனிதர் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

அதற்கு விலையும் கொடுத்தார். பள்ளி நிர்வாகம் ராஜினாமா கேட்டது. மறுத்தார். ஊர்க் கூட்டத்தில் மரியாதைப்பட்டவர்கள் எல்லாம் எதிரே நிற்க, அவருக்காக எழுந்தவர்கள் சந்தைக்கு வரும் நாடோடி வியாபாரிகள், துப்பாக்கிச் சுடும் கடைக்காரர், ராட்டினம் நடத்துகிறவர், துடைப்பம் கட்டுகிறவர்கள். கூட்டம் கைகலப்பாகி, சர்ச் நிர்வாகி ஒருவருடைய தலை பாலஸ்தீன வரைபடத்தைக் கிழித்துக்கொண்டு சமாரியா வழியாக வெளியே வந்தது என்று ஹார்டி எழுதுகிறார். நிலையான வீடும் பெயரும் உள்ளவர்கள் பக்கத்தில் ஒருவருக்கும் அந்த மனிதர் செய்தது புரியவில்லை.

*

இனி சூவும் ஜூட்டும் சுதந்திரப் பறவைகள் என்று நாம் நினைக்கிறோம். ரயிலில் போகும்போதே சிக்கல் தொடங்கிவிடுகிறது. ஜூட் விடுதியில் ஒரே அறைக்குச் சொல்லியிருக்கிறான். சூ, நான் அதற்காக வரவில்லை என்கிறாள். கணவன் இவ்வளவு பெருந்தன்மையாக அனுப்பி வைத்திருக்கும்போது அவருக்குத் துரோகம் செய்ய மனம் ஒப்பவில்லை என்றும் சொல்கிறாள். வேறு விடுதிக்குப் போகிறார்கள்.

இந்த இடத்தில் சூவை நான் முழுக்கத் தூக்கிப் பிடிக்கப் போவதில்லை. அவளால் ஆண்கள் வதைபட்டார்கள் என்பது நாவலிலேயே இருக்கிறது. லண்டனில் ஒரு கல்லூரி மாணவனோடு பதினைந்து மாதம் ஒரே வீட்டில் நண்பர்களாக இருந்தாள். அவன் அவளை நேசித்தான், மனம் உடைந்து செத்தும்போனான். ஜூட்டைத் தன் கல்யாணத்துக்கு அழைத்து, அன்று காலையில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சர்ச்சுக்குள் மணப்பெண் போல் நடந்து ஒத்திகை பார்த்ததை மன்னிக்க எனக்கு இன்றும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. தன் சுதந்திரம் அடுத்தவர் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்க்க அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. அது குறைதான்.

ஆனால் விவாகரத்துகள் கிடைத்த பிறகு அவள் சொல்லும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபிலாட்சனுக்கு விவாகரத்து கிடைத்தது சூ பிறரோடு உறவு கொண்டாள் என்ற அடிப்படையில். அப்போது அவளும் ஜூட்டும் அப்படி வாழவில்லை. வழக்கை எதிர்க்கவில்லை, நீதிமன்றம் தானாக முடிவுகட்டிக்கொண்டது. தன் விடுதலை பொய்யான காரணத்தால் கிடைத்தது போல் உறுத்துகிறது என்கிறாள் சூ. உண்மையைச் சொல்லியிருந்தால் சட்டம் அவளை விடுவித்திருக்காது. கள்ள உறவு என்றால் சட்டத்துக்குப் புரியும். என்னால் முடியவில்லை என்றால் புரியாது. இதைவிட நேர்மையாக ஒரு பெண் குழம்ப முடியுமா?

கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று பதிவாளர் அலுவலகத்துக்கும் போகிறார்கள். முன்னால் ஒரு சிப்பாய், முகம் கடுகடுவென்று. பக்கத்தில் கர்ப்பிணிப் பெண், கண்ணில் அடிபட்ட கறுப்பு. அடுத்து அன்று காலைதான் சிறையிலிருந்து வந்த ஒருவன், அவனுக்காகக் காத்திருந்த பெண். சூ திரும்பி வந்துவிடுகிறாள். அன்பு கட்டாயமானால் செத்துவிடும் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயத்தில் ஒரு நியாயம் இருப்பதை ஜூட் புரிந்துகொள்கிறான். அவளோடு சேர்ந்து அவனும் குழம்புகிறான், அதைத் தன் குழப்பமாகவே ஏற்றுக்கொள்கிறான். அடுத்த சில வருடங்கள் அவர்கள் ஊர் ஊராகப் போகிறார்கள். சர்ச்சில் பத்துக் கட்டளைகளின் எழுத்துகளைப் புதுப்பித்து எழுதும் வேலை கிடைக்கிறது. இவர்கள் கல்யாணமாகாதவர்கள் என்று வதந்தி எழுந்ததும் போய்விடுகிறது. ஆனாலும் ஹார்டி அந்த வருடங்களைச் சந்தோஷமான வருடங்களாகத்தான் எழுதுகிறார்.

*

நாவலில் ஓரிடத்தில் ஜூட் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறான். நோயாளியாக, மனைவி என்று சொல்ல முடியாத மனைவியோடும் பிள்ளைகளோடும் கிறிஸ்ட்மின்ஸ்டருக்குத் திரும்பி வந்த நாள். பல்கலைக்கழகத் திருநாள். மழை வரப்போகிறது. பழைய சினேகிதர்கள் அவனை அடையாளம் கண்டு கிண்டல் செய்கிறார்கள். நான் தோற்றுவிட்டேன்தான் என்று ஜூட் ஒப்புக்கொண்டு பேச ஆரம்பிக்கிறான். ஒரு தலைமுறையில் நான் செய்யப் பார்த்ததைச் செய்ய இரண்டு மூன்று தலைமுறை வேண்டும். முதன்முதலில் இங்கே வந்தபோது என்னிடம் அடுக்கி வைத்த கருத்துகள் இருந்தன, ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. போகப் போக எனக்கு நிச்சயம் குறைகிறது. கொள்கைகளின் குழப்பத்துக்குள் இருட்டில் துழாவிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் பிறருக்கும் தீங்கு செய்யாத, நான் நேசிப்பவர்களுக்கு மகிழ்ச்சி தருகிற விருப்பங்களின்படி நடக்கிறேன் என்பதைத் தவிர வாழ்க்கைக்கு வேறு விதி என்னிடம் இல்லை. நம் சமூகத்தின் சூத்திரங்களில் எங்கேயோ ஏதோ தப்பு இருக்கிறது.

இது தோற்றவனின் புலம்பல் என்று சொல்லும் விமர்சகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்து வருடம் முன்பு பட்டதாரி அங்கிகளைப் பார்த்துக் கண்கலங்கிய பையன் இவன். அப்போது அவனுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது: இன்ன நூல்கள், இன்ன வரிசை, கடைசியில் பிஷப். அந்தத் தெளிவு அவனுடையது இல்லை. கட்டடங்கள் அவனுக்குக் கொடுத்தது. மழையில் நின்று தெரியவில்லை என்று சொல்கிறவன் பேசுவது அவனுடைய சொந்தச் சொற்களை.

அதற்குப் பின் வருவதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று இரவு தங்க இடம் கிடைக்காமல் அலைகிறார்கள். ஜூட்டுக்கும் அராபெல்லாவுக்கும் பிறந்த மூத்த பையன், எங்களால்தான் உங்களுக்கு இவ்வளவு கஷ்டமா என்று சூவிடம் கேட்கிறான். பொய் சொல்ல மனமில்லாமல், முழு உண்மையும் சொல்ல முடியாமல், வீட்டில் இன்னொரு குழந்தை வரப்போகிறது என்று மட்டும் சொல்கிறாள். காலையில் அவன் தம்பி தங்கையரைக் கொன்று தானும் தொங்குகிறான். நாங்கள் அதிகமாகிவிட்டதால் என்று எழுதி வைத்திருக்கிறான். இந்தக் காட்சியை மிகை என்று சொல்லாதவர்கள் குறைவு. எனக்கும் அது கதைக்குள் இயல்பாக வந்து உட்காரவில்லை. ஆனால் அதற்குப் பின் சூவுக்கு நடப்பது ஒவ்வொரு வரியும் உண்மை.

அவள் தெளிந்துவிடுகிறாள். மேல் இருக்கும் ஆண்டவனின் கோபம் நம் மேல் இறங்கிவிட்டது, இனி அடங்கிப் போக வேண்டும். போராட என்னிடம் தெம்பு இல்லை. ஃபிலாட்சன்தான் என் கணவர், ஒருமுறை ஆனது ஆனதுதான். முன்பெல்லாம் ஒரு வாக்கியம் சொல்லி அடுத்த வாக்கியத்தில் அதை மறுத்தவள், இப்போது ஒரே வாக்கியத்தை மாற்றாமல் சொல்கிறாள். சிலுவைக்குக் கீழே கறுப்புத் துணி மூட்டை போல் அவள் தரையில் கிடப்பதை ஜூட் பார்க்கிறான். அழகான இரவு உடை ஒன்று அவளிடம் இருக்கிறது. ஜூட்டுக்குப் பிடிக்கும் என்று வாங்கியது. அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு முரட்டுப் பருத்தியில் ஒன்றை எடுத்துக்கொள்கிறாள். கடைசியில், விருப்பமே இல்லாத கணவனின் அறைக்குத் தானாகப் போய்க் கதவைத் தட்டுகிறாள். அவர் தூக்கும்போது அவள் முகத்தில் அருவருப்பு ஓடுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தம் போடாமல் இருக்கிறாள்.

இண்டுக்குள் சிலந்திகளோடு படுத்தவளும் இவள்தான். அன்று அவளுக்கு ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. உடம்பு சொன்னதைக் கேட்டாள். இன்று எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. உடம்பு சொன்னதை விழுங்குகிறாள்.

ஃபிலாட்சனும் தெளிந்துவிட்டார் என்பதுதான் எனக்கு அதிக வலி. அவளைத் திரும்ப ஏற்றுக்கொண்டால் பழைய பள்ளிக்கூடம் கிடைக்கும், ஊரில் பெயர் மீளும் என்று கணக்குப் போடுகிறார். இம்முறை கொஞ்சம் கண்டிப்பாக இருக்கப் போகிறேன் என்கிறார். கில்லிங்ஹாமும் மெதுவாகக் கடிவாளத்தை இறுக்கு என்கிறார். காரணம் இல்லாமல் அவளை அனுப்பி வைத்த மனிதர், இவ்வளவு காரணங்களோடு அழைத்துக்கொள்கிறார். ஒவ்வொரு காரணமும் ஊர் ஒப்புக்கொள்ளும் காரணம்.

இந்த நாவலை நெருப்பில் போட்டதாக வேக்ஃபீல்டு பிஷப் பத்திரிகைக்கே எழுதினார். நாவலாசிரியை மார்கரெட் ஒலிஃபன்ட் 1896 ஜனவரியில் இதைக் கல்யாண எதிர்ப்புச் சங்கத்தின் வேலை என்று சாடினார். நாவல் எழுதும் ஆசையே தீர்ந்துவிட்டது என்று ஹார்டி 1912-ல் எழுதினார். 1928-ல் இறக்கும் வரை கவிதை எழுதினார், புது நாவல் எழுதவில்லை. பிஷப்புக்கு இதில் எது அவ்வளவு ஆபத்தாகப் பட்டது என்று யோசிக்கிறேன். சூ கடைசியில் கணவனிடம் திரும்புகிறாள், சிலுவையின் கீழ் விழுகிறாள். மேலோட்டமாகப் பார்த்தால் மதத்தின் வெற்றி. அந்த வெற்றி எப்படி இருக்கும் என்று பல்லைக் கடித்த முகத்தோடு காட்டியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை போலும்.

நாவலில் இதை நேராகப் பார்க்கிற ஒரே ஆள் எட்லின் பாட்டி. மேரிகிரீன் ஊர்க்காரி, மில்லைப் படித்தவள் இல்லை. எங்கள் காலத்தில் கல்யாணத்துக்கு யார் பயந்தார்கள், பீரங்கிக் குண்டுக்கும் காலிப் பானைக்கும் பயந்ததோடு சரி என்று முன்பு ஒருமுறை சொல்கிறாள். தன் கல்யாணத்தில் ஒரு வாரம் குடித்துக் கொண்டாடிவிட்டு, குடித்தனம் தொடங்கக் கடன் வாங்கியதையும் சந்தோஷமாகச் சொல்கிறாள். இவர்களுடைய கவலைகள் அவளுக்குப் புரியவே இல்லை. ஆனால் சூ மறுபடி ஃபிலாட்சனைக் கட்டிக்கொள்ளக் கிளம்பும்போது, உன் மனசு இன்னும் அந்தப் பையன்மேல்தான் இருக்கிறது, போகாதே என்று, ஜூட்டைத் தவிர, அவள் ஒருத்திதான் வாய்விட்டுச் சொல்கிறாள். சூ கேட்கவில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெளிவாகிவிட்டதே.